கோமகனின் காலை நடை

"முடிவு பிரமாதம் மாப்பிள்ளை!" என்றார் மாமியார். "கோமகன் கடைசியில திருந்தி, தினம் நாப்பது நிமிஷம் நடக்க ஆரம்பிக்கிறான் பாருங்க, அந்த இடத்துல எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

எழுத்தாளர் வாயருகே கொண்டுபோன காபியை அப்படியே நிறுத்தினார்.

"நடக்கிறானா? எங்க நடக்கிறான்?"

"எங்கன்னு போடல. காத்தோட்டமான இடத்துலன்னு மட்டும் போட்டிருக்கீங்க."

கோமகன் எங்கேயும் நடக்கவில்லை. காலையில் அவனால் நடக்கவும் முடியாது. அவன் ஒரு ரத்தக் காட்டேரி. வயது நானூற்றுப் பன்னிரண்டு. 'விடியாத மாளிகை' என்ற தொலைக்காட்சித் தொடரில் இரண்டு வருஷமாக, வாரத்துக்கு ஐந்து நாள், ஒரு கழுத்து பாக்கி விடாமல் கடித்துவந்தவன். அந்தத் தொடரை நாவலாக எழுதிக் கொடுத்தவர்தான் நம் எழுத்தாளர். அவர் எழுதிய கடைசி அத்தியாயத்தில் கோமகன் ஜன்னலைத் திறந்து வெயிலை வாங்கிக்கொண்டு சாம்பலாகிச் சாகிறான். பதினாறு பக்கம் சாகிறான். பதினோரு முறை அடித்துத் திருத்தி எழுதிய சாவு அது.

"அத்தை, நீங்க வேற ஏதோ புத்தகத்தைப் படிச்சிருக்கீங்க."

"நல்லா இருக்கே! அட்டையில உங்க பேரு கொட்டை எழுத்துல இருக்கு. எனக்குக் கண்ணாடி போட்டாத் தெரியும் மாப்பிள்ளை."

பெயர் இருந்தது உண்மைதான். அதுதான் வம்பே. அதுவரை பதினெட்டுப் புத்தகம் எழுதியிருக்கிறார் மனிதர். ஒரு மல்யுத்த வீரரின் சுயசரிதை, ஓர் ஓய்வுபெற்ற நீதிபதியின் சுயசரிதை, தன் பெயரைக்கூடப் பிழையில்லாமல் எழுதத் தெரியாத ஒரு நடிகரின் சுயசரிதை. எதிலும் அவர் பெயர் கிடையாது. இந்தப் பத்தொன்பதாவதில்தான் முதல்முறையாக அட்டையில் ஏறியிருக்கிறார். முந்தின நாள் மாலை பத்துப் பிரதி வந்தது. அட்டையைப் பார்த்தார், தடவினார், மனைவிக்குக் காட்டினார், மறுபடி தடவினார். உள்ளே பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. உள்ளே இருப்பதுதான் அவருக்கு மனப்பாடமாயிற்றே!

அதுவும் அந்தக் கடைசிப் பதினாறு பக்கம். அச்சகத்துக் கணக்கில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். முதல் பதின்மூன்று ஃபாரத்திலும் தொடரில் வந்ததை வந்தபடியே எழுத வேண்டும், ஒரு வார்த்தை கூடுதலாக எழுதக் கூடாது என்று தொலைக்காட்சிக்காரர்கள் கட்டளை. முடிவை மட்டும் அவர்களே இன்னும் படம்பிடிக்கவில்லை. அதனால் பதினான்காவது ஃபாரத்தை "உங்க இஷ்டத்துக்கு முடிச்சுக்கோங்க" என்று விட்டுவிட்டார்கள். ஆக, அவர் வாழ்நாளில் அவருக்கே அவருக்கென்று எழுதியது அந்தப் பதினாறு பக்கம்தான். அதை ஒரே ஓர் ஆள் முழுசாகப் படிக்க வேண்டும். இவ்வளவுதான் அவர் ஆசை. பேராசை என்று யாராவது சொல்ல முடியுமா?

அதுவரை ஒருவரும் படித்திருக்கவில்லை. மனைவி, "அச்சுல வரட்டுங்க, மொத்தமா படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். தொலைக்காட்சிக்காரர்கள் பக்கத்தை எண்ணிப் பார்த்து ஒப்புதல் கொடுத்தார்கள். பதிப்பாளர் புத்தகம் போடுவாரே தவிரப் படிக்க மாட்டார். அது அவருடைய கொள்கை.

எழுத்தாளர் மாமியார் கையிலிருந்த பிரதியை வாங்கி இருநூற்றெட்டாம் பக்கத்தைப் பிரித்தார். பக்கத்தின் கடைசி வரிகள் சரியாகவே இருந்தன.

'கோமகன் ஜன்னலைத் திறந்தான். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. நானூறு வருஷத்தில் கேட்டே இராத ஒரு கேள்வி அவன் நெஞ்சில் எழுந்தது.'

பக்கத்தைத் திருப்பினார்.

'காலையில் வெறும் வயிற்றில் என்ன சாப்பிடலாம்?'

எழுத்தாளருக்குக் கண் இருட்டியது. மேலே படித்தார். 'இரவு உணவை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ரத்தம் எடுக்கும்போது ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தாதீர்கள். பற்களின் சுத்தத்தில் கவனம் தேவை. பாதங்களைத் தினமும் கண்ணாடியில் பாருங்கள்.'

"அந்தக் கண்ணாடி வரி!" மாமியார் பெருமூச்சு விட்டார். "அவனுக்குத்தான் கண்ணாடியில உருவமே தெரியாதே, பாவம். இந்த மனுஷனுக்குள்ள இவ்வளவு சோகமான்னு நினைச்சுக்கிட்டேன். அதுவும் மனசாட்சி அவன்கிட்ட பேசும்போது 'நீங்கள்'னு மரியாதையா பேசுது பாருங்க, அது உங்களுக்கு மட்டும்தான் வரும்."

"அத்தை, அதை நான் எழுதல!"

"தன்னடக்கம்" என்று மகளைப் பார்த்துச் சொன்னார் மாமியார்.

எழுத்தாளர் சட்டையின் மேல் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு பதிப்பகத்துக்கு ஓடினார்.

பதிப்பகம் ஒரு மாடிப்படி முடிந்த இடத்தில் இருந்தது. உட்கார இரண்டு நாற்காலி, இரண்டிலும் புத்தகக்கட்டு. பதிப்பாளர் பிரதியைப் புரட்டினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஃபாரம் மாறியிருக்கு சார்."

"அது எனக்கும் தெரியுது. எதோட மாறியிருக்கு?"

"'சர்க்கரையோடு சமாதானம்'. ஒரு டாக்டர் எழுதினது. அதுவும் பதினாலு ஃபாரம். ஒரே சைஸ், ஒரே பேப்பர், ஒரே வாரத்துல பைண்டிங் போச்சு."

"எத்தனை பிரதியில மாறியிருக்கு?"

"எல்லாத்துலயும்."

"அப்போ என்னோட ஃபாரம் எங்க?"

"டாக்டர் புத்தகத்துல பத்திரமா இருக்கும் சார். கவலைப்படாதீங்க."

எழுத்தாளர் மேஜையை ஓங்கித் தட்டினார். தூசி கிளம்பியதில் அவருக்கே தும்மல் வந்தது.

"யாராவது புகார் சொன்னாங்களா சார்?" என்று கேட்டார் பதிப்பாளர்.

"நான்தான் சொல்றேனே!"

"நீங்க வாசகர் இல்லையே. வாசகர் யாராவது சொன்னாங்களா?"

எல்லாப் பிரதியும் கடைகளுக்குப் போயாயிற்று, திருப்பி வாங்குவது நடக்காத காரியம் என்று பதிப்பாளர் கையை விரித்துவிட்டார். கடைசியில் ஒரு துண்டுச்சீட்டு அச்சடித்துக் கடைகளுக்கு அனுப்பி, ஒவ்வொரு பிரதியிலும் வைக்கச் சொல்வதாக முடிவானது. வாசகத்தை எழுத்தாளரே ஆத்திரத்தோடு எழுதினார்.

'இந்நூலின் கடைசிப் பதினாறு பக்கங்களை வாசகர்கள் எக்காரணம் கொண்டும் படிக்க வேண்டாம். – ஆசிரியர்'

படிக்க வேண்டாம் என்று எழுதினால் நம் ஜனம் விடுமா? மூன்றாம் நாள் புத்தகக் கடைக்குப் போய்ப் பார்த்தால் அலமாரிக்கு முன்னால் எட்டுப் பேர் நிற்கிறார்கள். எட்டுப் பேரும் புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்து பிரித்துப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அப்படி என்னதான் இருக்குன்னு பார்த்தேன்" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு காட்டேரி எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தறான்யா! நம்மளால முடியுதா?"

கடைக்காரர் எழுத்தாளரை அடையாளம் கண்டுகொண்டார். "சார், சீட்டு பிரமாதமான யோசனை. உங்களுக்கு வியாபார மூளை சார்."

எழுத்தாளர் வாழ்நாளில் பல வசவுகளைக் கேட்டிருக்கிறார். இதுபோல ஒன்று நெஞ்சில் தைத்ததில்லை.

நேராகப் பதிப்பகத்துக்குப் போய் ஒரே பிடியாக நின்றார். உண்மையான பதினாறு பக்கத்தையும் தனியாக அச்சடித்து, மெல்லிய சிறு புத்தகமாக, நாவல் வாங்குகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தே தீர வேண்டும். பதிப்பாளர் தலையைச் சொறிந்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் சம்மதித்தார்.

அந்த வாரமே சிறு புத்தகம் வந்தது. கடையில் கட்டுக்கட்டாக வைத்தார்கள். வாங்க வந்தவர்கள் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்கள்.

"இது என்ன, மருந்துக் கம்பெனி நோட்டீஸா?"

"இல்லீங்க, இதுதான் உண்மையான முடிவு."

"எங்களுக்கு அந்த நடக்கிற முடிவே போதும்பா. ஓசியில குடுக்கிறது எதுவும் நல்லா இருந்ததில்ல."

மாலையில் கடைக்காரர் ஆடுகிற மேஜையின் காலுக்கு அடியில் நாலு பிரதியை மடித்து வைத்திருந்தார். எழுத்தாளர் குனிந்து ஒன்றை உருவினார். மேஜை ஆடியது. "சார், சார், அதை எடுக்காதீங்க!" என்று அலறினார் கடைக்காரர்.

வீட்டில் அதற்கு மேல். மனைவி கடைசியில் நாவலைப் படித்து முடித்திருந்தாள். படித்த மறுநாளே பழைய காலணியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு அவரை எழுப்பினாள்.

"எழுந்திரிங்க, நடக்கப் போலாம்."

"எனக்கு என்ன கேடு? நான் எதுக்கு நடக்கணும்?"

"நானூறு வயசுல அவனே நடக்கிறான். உங்களுக்கு அம்பத்தி ரெண்டுதான் ஆகுது. எழுதறதெல்லாம் ஊருக்கு, உங்களுக்கு இல்லையா?"

"அதை நான் எழுதலடி! என்னோட பதினாறு பக்கம் இதோ இருக்கு, இதைப் படி."

"வந்து படிக்கிறேங்க. காலையிலயே எதுக்குச் சாவு கதை?"

நாற்பது நிமிஷம் நடந்தார். காற்றோட்டமான இடம்தான். அவருக்குத்தான் மூச்சு முட்டியது.

நடந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது தொலைபேசி அடித்தது. தொடரின் தயாரிப்பாளர் உடனே வரச் சொல்லி அழைத்தார். எழுத்தாளருக்கு உள்ளூர ஒரு நிம்மதி. தொடரின் மானத்தை வாங்கிவிட்டாய் என்று அந்த அம்மாள் கத்தப் போகிறார், கத்தட்டும், கூடச் சேர்ந்து நாமும் கத்தலாம். இந்த உலகத்தில் நம்மோடு சேர்ந்து கோபப்பட ஒரு ஜீவனாவது இருக்கிறதே!

தயாரிப்பாளர் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"எங்க ஆளுங்க ஆறு பேர் மூணு மாசம் ஓட்டல்ல ரூம் போட்டு உக்காந்து யோசிச்சாங்க. கோமகனை வெயில்ல விட்டுச் சாகடிக்கலாம்னு ஒரு யோசனை சொன்னாங்க. எவ்வளவு அரதப்பழசு பாருங்க! நீங்கதான் நடக்க விட்டீங்க. நாளைக்கு அதைத்தான் எடுக்கப் போறோம்."

"அம்மா, நான் எழுதினதும் வெயில்ல சாகிற முடிவுதான்!"

தயாரிப்பாளர் அறை அதிரச் சிரித்தார். "நல்லா தமாஷ் பண்றீங்க சார்."

"சத்தியமா சொல்றேன். இது பைண்டிங்ல நடந்த தப்பு."

"பெரிய எழுத்தாளர்கள் எல்லாம் இப்படித்தான். தானா வந்துச்சு, நான் எழுதலன்னு சொல்வீங்க."

கடைசிப் பகுதி ஒளிபரப்பான மாலை தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. கோமகன் கறுப்பு அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, வெள்ளைக் காலணியின் நாடாவை முடிந்துகொண்டு, கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு மாளிகைக் கதவைத் திறந்தான். வெயில் அவனை ஒன்றும் செய்யவில்லை. கேட்பார் யார்? பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தாண்டி வந்து எழுத்தாளரைக் கட்டிக்கொண்டு அழுதார். மாமியார் எல்லா உறவினருக்கும் வரிசையாகத் தொலைபேசினார். "எங்க மாப்பிள்ளை எழுதினதுதான். ஆமா, ஆமா, பாதத்தைக் கண்ணாடியில பாக்கிற இடம்கூட அவரோடதுதான்."

பாராட்டுக் கேட்கக் கேட்க எழுத்தாளருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. செய்யாத குற்றத்துக்குத் தண்டனை வாங்கினவர்கள் உண்டு. எழுதாத எழுத்துக்குப் புகழ் வாங்குவது அதைவிட அவமானம். அநியாயமாக வந்த புகழைத் திருப்பிக் கொடுக்க ஓர் அலுவலகம்கூட எங்கேயும் கிடையாது.

அப்போதுதான் அவருக்கு டாக்டர் நினைவு வந்தது. அட, அவரும் ஒரு நூலாசிரியர்! அவருடைய பதினாறு பக்கத்தையும் அல்லவா பிடுங்கி ஒரு காட்டேரிக்குக் கொடுத்துவிட்டார்கள்! அவர் எவ்வளவு கொதித்துப்போயிருப்பார்? இருவரும் சேர்ந்து போனால் பதிப்பாளரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடலாம்.

டாக்டரின் கிளினிக்கில் வரிசை வாசல்வரை நின்றது. எல்லார் கையிலும் 'சர்க்கரையோடு சமாதானம்' இருந்தது. ஒன்றரை மணி நேரம் காத்திருந்து உள்ளே போனார்.

"உட்காருங்க. சர்க்கரை எவ்வளவு?"

"சர்க்கரை இல்ல டாக்டர், ஆத்திரம். உங்க புத்தகத்துல மாறிப்போன பதினாறு பக்கம் என்னுடையது."

டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று எழுத்தாளர் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் அவர் தோளில் கை வைத்தார்.

"நீங்க தெய்வம் சார்."

"என்னது?"

டாக்டர் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். ஒரு பக்கத்தின் கடைசி வரி: 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று சிலர் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள்.' அடுத்த பக்கத்தின் முதல் வரி, எழுத்தாளர் பதினோரு முறை செதுக்கிய வரி: 'கடைசியில் மிஞ்சுவது என்ன? ஒரு பிடி சாம்பல்!'

"இருபது வருஷமா மாத்திரையை நிறுத்தாதீங்கன்னு தொண்டை கிழியக் கத்தறேன். ஒருத்தர் காதுலயாவது விழுந்துச்சா? இப்போ பாருங்க, ஒருத்தர் ஒரு வேளை தவறவிடறதில்ல. வெளிய நிக்கிறாங்களே, எல்லாம் உங்க வரி பண்ணின வேலை."

எழுத்தாளரின் நெஞ்சு விம்மியது. ஆக, எங்கேயோ சிலர் படித்திருக்கிறார்கள்!

"அதுக்கு மேல படிச்சாங்களா டாக்டர்? கோமகன் தன் நிழலோட பேசற இடம்? அம்மாவை நினைச்சுக்கிற இடம்?"

"அதுக்கு மேல எங்க படிக்கிறது? அந்த மொத வரியிலயே வேர்த்துப்போய்ப் புத்தகத்தை மூடிடறாங்க."

"நீங்களாவது?"

"எனக்கு எங்க சார் நேரம்? ரெண்டாம் பதிப்புலயும் இந்த ஃபாரம் இப்படியே இருக்கணும்னு பதிப்பாளர்கிட்ட கண்டிப்பா சொல்லிட்டேன். உங்க புத்தகமும் அப்படியேதான் வருமாம். கவலையே படாதீங்க."

வெளியே வந்தவருக்குத் தலை சுற்றியது. ரெண்டாம் பதிப்பா! இனி எத்தனை பதிப்பு வந்தாலும் கோமகன் நடந்துகொண்டே இருப்பான். பதினாறு பக்கமும் ஒரு கண்கூடப் படாமல் சர்க்கரை நோயாளிகளின் அலமாரியில் செத்துக் கிடக்கும். இதற்கெல்லாம் காரணம் யார்? எவனோ ஒரு தூங்குமூஞ்சி, பேச்சு சுவாரசியத்தில் கை மாறி அடுக்கியிருக்கிறான். அந்த ஆளை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று விறுவிறுவென்று நடந்தார். இரண்டு வாரப் பயிற்சியில் நடை கொஞ்சம் சுலபமாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

பைண்டிங் பட்டறை ஒரு நீளக் கூடம். பசை வாசனை. மடித்த ஃபாரங்கள் சுவரோரம் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. முதலாளி விஷயத்தைக் கேட்டதும் நம்பவில்லை.

"அப்படி நடக்க வாய்ப்பே இல்ல சார். ஃபாரம் அடுக்கறது எங்க அக்கா. முப்பது வருஷம் ஆகுது. இதுவரைக்கும் ஒரு தாள் தலைகீழா போனதில்ல. வேணும்னா நீங்களே கேளுங்க."

கூடத்தின் கடைசியில், ஜன்னல் வெளிச்சத்தில் ஓர் அம்மாள் முக்காலியில் உட்கார்ந்து ஃபாரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டிருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி.

"கோமகன் கதையை அடுக்கினது நீங்கதானாம்மா?"

"ஆமாங்க. நான்தான்."

"கடைசி ஃபாரம் மாறிப்போச்சு, தெரியுமா?"

"தெரியுமே."

அந்த நிதானத்தில் எழுத்தாளருக்கு அடக்கிவைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"என்னம்மா இவ்வளவு சாதாரணமா சொல்றீங்க? அது என் ஆயுசும்மா! பதினெட்டுப் புத்தகம் அடுத்தவங்களுக்கு எழுதிக் குடுத்துட்டு, அந்தப் பதினாறு பக்கத்தைத்தான் எனக்குன்னு எழுதினேன். பதினோரு தடவை எழுதினேன். என் பொண்டாட்டி படிக்கல, பதிப்பாளர் படிக்கல, டாக்டர் படிக்கல, ஓசியில குடுத்தும் ஒருத்தன் படிக்கல. உலகத்துல ஒரே ஒரு ஆள் அதை முழுசா படிச்சிருந்தா எனக்கு இந்த வேதனை இருக்காது. உங்களோட ஒரு நிமிஷக் கவனப்பிசகு, எல்லாம் நாசமாப் போச்சு!"

கூடம் முழுக்க வேலை நின்றுவிட்டது. அந்த அம்மாள் கையிலிருந்த ஃபாரத்தை ஓரம் தட்டிச் சமமாக வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். எழுத்தாளரை நிமிர்ந்து பார்த்து, இரக்கமான குரலில் சொன்னார்:

"கவனப்பிசகெல்லாம் இல்லீங்க சார், உங்க பதினாறு பக்கத்தையும் ரெண்டு தடவை முழுசா படிச்சுப் பாத்துட்டுத்தான் மாத்தி வச்சேன்."